இந்த முறை வண்டி நிஜமாகவே நின்றது

கருணாகரன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். எஞ்சின் ஒரு தடவை இருமினால் போதும், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று துறைமுகத்தில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் அவரிடமே வந்து நிற்கவேண்டியிருக்கும், அது வேறு விஷயம். கரையில் பெட்ரோல் பங்குகளில் விற்கிற டீசலை அவர் டீசல் என்றே ஒத்துக்கொள்வதில்லை. படகுக்கு வாங்கியதில் ஒரு கேன் திருவொற்றியூர் குப்பத்து வீட்டில் எப்போதும் கிடக்கும். கிடந்தால்தான் மனுஷருக்குத் தூக்கம் வரும்.

இப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு வள்ளூருக்குக் கிளம்பினார். மகள் ஜோதிகாவுக்கு அங்கே வளைகாப்பு. ராயபுரத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் தோஸ்து கமால் தன்னுடைய காரை இரவல் கொடுத்திருந்தான். டீசல் வண்டி மாமு, டேங்க்ல கொஞ்சம்தான் இருக்கு என்று சொல்லித்தான் கொடுத்தான். டீசலைப் பற்றி எனக்கே பாடமா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு இவர் சாவியை வாங்கி வந்திருந்தார்.

இந்தப் பயணம் சாதாரணப் பயணம் இல்லை. ஜோதிகா அப்பாவைக் கேட்காமல் பகலவனைக் கட்டிக்கொண்டவள். பகலவன் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். அவன் குடும்பம் வியாசர்பாடியிலிருந்து வேலைக்காக வள்ளூருக்கு வந்த குடும்பம். கடலுக்குப் போகாத வீடு, நமக்குச் சரிப்படாது என்று கருணாகரன் வெளியே சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்த காரணம் வேறு. அதைச் சொல்ல அவருக்கே வாய் கூசியது, ஊருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

தலைதீபாவளிக்கு அழைக்கப் போகவேண்டியவர் போகவில்லை. வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்றார். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகவேண்டியவர் அப்போதும் போகவில்லை. அப்போதும் வண்டிதான். பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்திவைத்துவிட்டுச் சொன்ன பொய் அது. ஜோதிகா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வளைகாப்புக்கு நாள் குறித்ததும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நைனா வந்து கூப்ட்டா பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு வரேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கறேன்." அதைக் கேட்ட நாளிலிருந்து கருணாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிள்ளை தன் வீட்டில் பிறக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதற்கு அந்த வாசப்படியை மிதிக்கவேண்டும் என்பதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

காலையில் புது வேட்டி, வெள்ளைச் சட்டை. காரில் கிடந்த கமாலின் அத்தர் பாட்டிலை எடுத்துக் கழுத்து, கை, மீசை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் பூசிக்கொண்டார். சம்பந்தி வீட்டில் தன்மேல் மீன் வாசம் அடித்துவிடக்கூடாதாம். எந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாரோ அந்த வீட்டுக்குத்தான் இந்த அலங்காரம் என்பதைக் கவனித்தும் மனைவி நீலா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கிளம்பமாட்டார். வழியில்தான் பங்கு இருக்கிறதே, அங்கேயே போட்டுக்கொள்ளலாமே என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். அவர் காதில் விழாத மாதிரி வீட்டுப் பக்கவாட்டுக்குப் போனார்.

அந்தக் குப்பத்தில் கேனுக்கு அடையாளம் துணி. வீட்டுக்கு ஒரு துணியைக் கிழித்துக் கேனின் கழுத்தில் கட்டிவைப்பார்கள். கருணாகரன் வீட்டுக் கேனுக்கு நீலாவின் பழைய பச்சைப் புடவை. கேன் யாருடையது என்பதைத்தான் துணி சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. விசைப்படகு வீட்டுக் கேனில் டீசல் இல்லாமல் பன்னீரா இருக்கும்? ஆனால் போன மாதம் அவர் தம்பி பிரகாஷ் அண்ணனோடு முறைத்துக்கொண்டு விசைப்படகை விட்டு இறங்கி, கூட்டாளிகளோடு ஒரு ஃபைபர் படகில் சேர்ந்திருந்தான். ஃபைபர் படகின் எஞ்சினுக்குப் பெட்ரோல். அண்ணனோடு பேச்சு நின்றதே தவிர இருப்பது அதே வீடுதான், அவன் தன் பெட்ரோல் கேனுக்குக் கட்டியதும் அதே பச்சைத் துணிதான்.

கருணாகரன் பச்சைத் துணியைப் பார்த்தார், மூடியைத் திறந்தார், புனலை வைத்து ஊற்றினார். மூக்கு முழுக்க அத்தர். கேனில் இருந்தது மோராக இருந்தாலும் அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்காது.

எர்ணாவூர் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. கருணாகரன் காரையும் படகு மாதிரிதான் ஓட்டுவார். வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மெல்ல மெல்லத் திருப்ப ஆரம்பிப்பார், பின்னால் வரும் கண்டெய்னர் லாரிக்காரர்கள் திட்டுவதை அலைச் சத்தமாக எடுத்துக்கொள்வார். ஒரு இடத்தில் சாலை நடுத்தடுப்பில் வீட்டுப் பக்கம் திரும்புகிற வழி கண்ணில் பட்டது. கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது. நீலா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு காலை மறுபடி அழுத்தினார்.

அழுத்தியும் வண்டிக்கு வேகம் வரவில்லை. எஞ்சின் டக்டக்கென்று தட்டியது, குலுங்கியது, வெள்ளையாகப் புகை விட்டது. எண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால், உப்புக்காற்று வீசுகிற இடத்தில், ஒரே அடியாக நின்றுவிட்டது.

நீலா மடியிலிருந்த வளையல் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னாயா, இந்த தபாவும் ஆரம்பிச்சிட்டியா?"

கடலம்மா சத்தியமாக நான் ஒன்றும் பண்ணவில்லை என்று அவர் சொன்னதை அவள் சட்டை செய்யவில்லை. கருணாகரன் இறங்கி பானெட்டைத் திறந்தார். ஒயரை ஆட்டினார், பெல்ட்டைத் தட்டினார், இருமலுக்கு மருந்து சொல்லும் முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்தார். அதற்குள் கடல்காற்று அத்தரைப் பாதி கொண்டுபோயிருந்தது. குப்பென்று அடித்தது பெட்ரோல். பிரகாஷ் முகம் கண்முன்னால் வந்து போனது. ஊசிப்போன குழம்புச் சட்டியை மூடுவதுபோல மூடியைத் திருகி மூடினார்.

கமாலுக்குப் போன் போட்டார். அவன் முதலில் சிரித்துத் தீர்த்தான். பிறகு, சாவியைத் தொடாதே, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் பம்ப் போய்விடும், டேங்கை முழுக்க வடிக்கவேண்டும், மெக்கானிக்கோடு நான் வருகிறேன் என்றான். வைப்பதற்குமுன் இன்னொரு தடவை சிரித்தான். வண்டி அவனுடையது, சிரிக்க உரிமை இருந்தது.

அந்த நேரம் பார்த்து நீலாவின் போன் அடித்தது. ஜோதிகா. நீலா எடுக்கவில்லை, போனை அப்படியே அவரிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

கருணாகரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். வண்டி நின்றுபோச்சு என்று எப்படிச் சொல்வது? அதைத்தான் இரண்டு தடவை சொல்லித் தீர்த்தாயிற்றே. பஞ்சர் என்றாலும் நம்பமாட்டாள், ரேடியேட்டர் என்றாலும் நம்பமாட்டாள். நம்பும்படியாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எந்த டீசல் எஞ்சின்காரனும் பொய்யாகக்கூடத் தன்மேல் ஏற்றிக்கொள்ளாத ஒன்று. அதைச் சொன்னால் காசிமேட்டில் தலைகாட்ட முடியாது. பேத்தியோ பேரனோ வள்ளூரில் பிறப்பதா, காசிமேடு சிரிப்பதா என்று பார்த்தார். காசிமேடு சிரிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்தார்.

"எங்க நைனா கீற?" என்றாள் மகள். குரலில் எதிர்பார்ப்பே இல்லை.

"எண்ணூர் கிட்டம்மா. வண்டி நின்னுபோச்சு."

வைத்துவிடப்போகிறாள் என்று பயந்து அவசரமாகச் சொன்னார்: "நான்தாம்மா டீசல் வண்டில பெட்ரோல ஊத்திட்டேன்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கல்யாணத்துக்கு முன்னால் குப்பத்து வாசலில் கேட்ட அதே சிரிப்பு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, பின்னாலேயே பல பெண்களின் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வியாசர்பாடியிலிருந்து விருந்துக்கு வந்த சொந்தமெல்லாம் சிரித்தது. கருணாகரனுக்குக் காது சுட்டது, ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. அங்கேயே இரு என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மருமகன் வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வந்தது ஒரு ஆட்டோ. அதிலிருந்து ஜோதிகாவே பட்டுப்புடவையோடு, நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். கூடவே சம்பந்தியம்மா சொக்கம்மாள். நீலா பதறிப்போய் ஓடி மகளைப் பிடித்துக்கொண்டாள். கருணாகரனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இந்த வயித்த வெச்சிகினு நீ ஏம்மா ரோட்டுக்கு வந்த? மாப்ளைய அனுப்பக் கூடாதா?"

மாப்பிள்ளை என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நீலா கவனித்தாள். சொக்கம்மாளும் கவனித்தாள். ஜோதிகா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை, முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"இவ்ளோ தூரம் வந்துட்டு நீ திரும்பிப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு நைனா. அதான் ஓடியாந்தேன்."

வரும் வழியில் ஆக்ஸிலேட்டரை விட்டுக் கால் எழுந்தது கருணாகரனுக்கு மட்டும்தானே தெரியும். காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எங்கம்மா திரும்பிப் போறது? வண்டிதான் ஓடாதே."

"அப்ப நல்லதத்தான் ஊத்திகீற," என்றாள் ஜோதிகா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயந்திரம் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

நீலாவும் ஜோதிகாவும் ஆட்டோவில் ஏறியதும் சொக்கம்மாளும் ஏறி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். "வாங்கண்ணே. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

காரைப் பூட்டி, சாவியைக் கமாலுக்காக எதிரே இருந்த டீக்கடையில் கொடுத்துவிட்டு, கருணாகரன் சொக்கம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.