பெரியவளின் இரத்தம்

இரத்தம் எடுத்து எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு அதைத் தொலைபேசியில் சொல்ல நாக்கு எழவில்லை. நேராக அக்காவின் மாட்டுக்கொட்டகைக்கே போய்விட்டாள்.

பெரியவள் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பால் குறைந்ததென்று அதனிடம் மட்டுந்தான் இரத்தம் எடுத்திருந்தாள். மற்ற பதினொன்றும் தீவனத்தொட்டியில் முகம் புதைத்திருந்தன. வெளியே பார்க்க எதற்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

"பெரியவளுக்கு வைரஸ் இருக்குக்கா. வெள்ளணுக்குள்ள."

"காவலுக்கு இருக்குன்னு சொல்லுவியே, அந்த அணுவா?"

"அதேதான். வைரஸ் காவல்காரன் வீட்டுக்குள்ளயே குடியேறிடுது. அப்புறம் அந்த அணு கண்டபடி பெருகும். வேற நோய் வந்தா எதிர்த்து நிக்காது. சில மாட்டுக்குக் கட்டி வரும். ஒரு தடவை புகுந்துட்டா சாகிற வரைக்கும் போகாது. மருந்தும் இல்ல."

நுண்ணோக்கியில் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நின்றது. ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு, எங்கே நகர்த்தினாலும் சாயமேறி ஊதாவான வெள்ளணு உருண்டைகள்.

அக்கா பால் வாளியைக் கீழே வைத்தாள். இந்தப் பன்னிரண்டையும் நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

"மத்ததுக்கு ஒட்டியிருக்குமா?"

"பக்கத்துல நின்னா மட்டும் அவ்வளவா ஒட்டாது. ரத்தத்தோட ரத்தம் கலந்தாத்தான் பயம்." தங்கை, தொட்டியருகே தீவனம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கணவர் பக்கம் திரும்பினாள். "மாமா, போன மாசம் தடுப்பூசி நீங்கதானே போட்டீங்க?"

"பின்னே யாரு? டாக்டரம்மாவுக்கு அதுலயும் சந்தேகமா?" சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

"ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி மாத்தினீங்கல்ல?"

அவர் துடைப்பத்தை எடுத்தார். காலையில் கழுவிவிட்ட தரையை மறுபடி கூட்டத் தொடங்கினார்.

"அவ கேக்கறா இல்ல? வாயைத் திறங்களேன்," என்றாள் அக்கா.

"எப்பவும் பெரியவகிட்டதான் ஆரம்பிப்பேன்." அவர் நிமிரவில்லை. "அவ அசையாம நிப்பா. அதைப் பாத்துட்டு மத்ததும் மிரளாம நிக்கும்."

தங்கை அவர் எதிரே போய் நின்றாள். "ஊசி, மாமா."

துடைப்பம் நின்றது.

"ஒரே ஊசிதான்மா," என்றார். "பன்னண்டுக்கும்."