கேப்டன் இறந்த இடம்

துறைமுகத்தை நடந்து பார்க்கும் சுற்றுலாவுக்கு மகள்தான் அப்பா, அம்மா இருவருக்கும் பதிவு செய்திருந்தாள். ஓய்வுபெற்ற இழுவைப் படகு கேப்டனான அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. காலமெல்லாம் வேலை பார்த்த இடத்தை இன்னொருத்தர் கை நீட்டிக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று முனகினார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அதற்கு மேல் பேச்சில்லை.

வழிகாட்டி ஒரு வரலாற்று ஆசிரியை. கூட்டம் தொலைந்துவிடாமல் இருக்க மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். பழைய சுங்கக் கிடங்கு இப்போது டைல்ஸ் கடை. சரக்கு வண்டித் தண்டவாளம் ஒன்று கடைக்குள் புகுந்து, குளியல் தொட்டிகளுக்கு நடுவே முடிந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். கேப்டன் ஒரு தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

பழைய படகுத்துறையில் ஆளுயர நங்கூரம் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஆசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பஞ்சு ஏற்றி வந்த கப்பல் ஒன்று எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே தீப்பிடித்ததாம். ஒரு கேப்டன் தன் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, தனி ஆளாக அதைக் கயிறு கட்டி வெளிக்கடலுக்கு இழுத்துப் போனாராம். ஊர் பிழைத்தது. இழுவைப் படகு அவரோடு மூழ்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். நடுவில் குறுக்கிடுவது மரியாதையில்லை என்று கேப்டனும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் ஒருவர் கண் கலங்கவே, தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மௌனம் முடிந்ததும் மனைவி, குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள்:

"செத்துப்போனவர் இவர்தாங்க."

கேப்டன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு விளக்க வேண்டியதாயிற்று. படகு மூழ்கியது உண்மைதான். வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த மீன்பிடிப் படகு அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டது. புயலில் அவர்களும் மாட்டிக்கொள்ள, அவர் வீடு திரும்ப நாலு நாளாகிவிட்டது. அதற்குள் இரங்கல் கூட்டம் நடந்து, கல்வெட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது திருத்துகிறோம் என்றது துறைமுக அலுவலகம். திரும்பத் திரும்பப் போய், தான் உயிரோடிருப்பதை வலியுறுத்த அவருக்கும் கூச்சமாக இருந்தது.

ஆசிரியையின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் இவ்வளவு நாளா சொன்னதெல்லாம் பொய்யா சார்?"

"கப்பல், தீ, கயிறு எல்லாம் சரிதாம்மா. சாவு மட்டும் கொஞ்சம் மிகை."

இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவள் தயங்கினாள். கேப்டனின் மனைவி அந்த நாட்களெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இந்த நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள் என்பதையும் வழக்கமாகச் சொல்வாளாம். அப்போது இங்கே கேன்டீன் நடத்திய தன் மாமியார் சொன்னது என்றாள். இனி அதையும் எடுத்துவிட வேண்டுமே என்று வருந்தினாள்.

கேப்டன் சிரித்தார். அது சுத்தப் பொய் என்றார். தன் மனைவி அக்கா வீட்டில் நிம்மதியாகத் தூங்கினாள், அவளே சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவரிடம் ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டாள்.

மனைவி ஆசிரியையைப் பார்த்துச் சொன்னாள்: "பட்டினியெல்லாம் இல்லம்மா. உங்க மாமியார் டீ கொண்டுவந்து குடுத்தாங்க. சர்க்கரைதான் பத்தல."

கேப்டனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா வீட்டுல தூங்கினேன்னு சொன்னியே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அதான் வந்துட்டீங்கல்ல."

அவர் நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தார். துரு கையில் ஒட்டியது. துடைக்கக் கைக்குட்டை இல்லை. கூட்டம் காத்திருந்தது.

கதையில் எதையெல்லாம் மாற்றட்டும் என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டாள்.

"என்னை உயிரோட விட்டுடுங்க," என்றார் கேப்டன். "இவ நின்னதை மட்டும் எடுத்துடாதீங்க."

"டீயையும் சேர்த்துக்கோம்மா," என்றாள் மனைவி.

அடுத்து கலங்கரை விளக்கம். அது கட்டப்பட்ட வரலாற்றை ஆசிரியை விவரமாகச் சொன்னாள். கேப்டன் காதில் எதுவும் ஏறவில்லை. எப்போதும் மனைவியை விட்டு நாலடி முன்னால் போகிறவர், அன்று அவளை உரசிக்கொண்டே நடந்தார். நடக்க இடைஞ்சலாக இருக்கிறது, தள்ளிப் போங்கள் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

அவர் போகவில்லை.