முதல் ரெண்டு பக்கெட் தண்ணி

பைப்புன்னா ஜி.ஐ. பைப்தான், துத்தநாகம் பூசின இரும்பு. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான். முப்பது வருஷமா பிளம்பர் வேலை பாக்கிற நான் இதைச் சொல்லாத வீடே கிடையாது. யாராவது நம்பலைன்னா பைப்பைப் பிடிச்சுத் தொங்கிக் காட்டுவேன். எண்பத்தஞ்சு கிலோ, அசையாது. தண்ணி பைப்புல தொங்காது, உள்ளேதான் ஓடும்ங்கிறது மட்டும் இந்த மண்டையில ஏறவே இல்லை.

சொந்த வீட்டை விடுவேனா? பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்வரைக்கும் ஜி.ஐ.யே போட்டேன். போன வருஷம் என் மனைவி ரெண்டு வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டு, அடுத்த தெரு விடுதிக்குப் படுக்கை விரிப்பு துவைச்சுக் கொடுக்க ஆரம்பிச்சா. அதே விடுதிக்குப் பிளம்பர் நான்தான்.

"ஏங்க, காலையில முதல் ரெண்டு பக்கெட் தண்ணி பழுப்பா வருது"ன்னா.

"தொட்டியைக் கழுவு. பைப்பைக் குத்தம் சொல்லாதே"ன்னேன்.

நான் துரை மாதிரி எழுந்து பல் தேய்க்க வர்றப்போ மணி எட்டாயிடும். தண்ணி தெளிஞ்சிருக்கும். அவளும் அப்புறம் வாதாடலை. தினமும் ரெண்டு பக்கெட்டைக் கொட்டிட்டுத்தான் மெஷினைப் போடுவா.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். நான் பெரிய மனசு பண்ணி ஆறு மணிக்கே எழுந்து மெஷினைப் போட்டேன். ரெண்டு மெஷின்லயும் சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளை விரிப்பு. வெளியே எடுத்தா, டீயில முக்கின மாதிரி இருக்கு.

பதறிப்போய் பைப்பை ஒரு இடத்துல அறுத்தேன். வெளியே பயில்வான். உள்ளே துரு அடைச்சு, சுண்டுவிரல் நுழையலை. கோபத்துல சுத்தியலால ரெண்டு போட்டேன், அப்பவும் நெளியலை. பலத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை!

சாயங்காலம் துணி எடுக்க விடுதி மேனேஜர் வந்தார். விரிப்பை விரிச்சுப் பாத்தார்.

"என்னம்மா இது? மட்டமான சோப்பா? நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

காய்ச்சலோட எழுந்து வந்தவளுக்கு முகமே செத்துப்போச்சு. என்னை ஒரு தடவை பாத்தா. "எங்கேயோ தப்பு நடந்துபோச்சு சார்"ன்னு மட்டும் சொன்னா. என் பிழைப்பு கெடக் கூடாதாம்.

எனக்கு வெக்கமாப் போச்சு. "சோப்பு இல்லை சார், என் பைப். நாள்பட்டதுல பூச்சு போய் உள்ளே துருப்பிடிச்சிருக்கு. இவ எத்தனையோ தடவை சொன்னா, நான்தான் கேக்கலை. நாளைக்கே பிளாஸ்டிக் போட்டுடறேன்"னு கொட்டித் தீத்தேன்.

மேனேஜர் விரிப்பை மடிச்சு வச்சார். "சரிம்மா, பைப்பை மாத்தினதும் துணி அனுப்பறேன்"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எங்க பைப்பும் நீங்க போட்டதுதானே? இனிமே வேற ஆளை வச்சுப் பாத்துக்கறோம்"ன்னார். தலையாட்டினேன். வேற என்ன செய்ய?

மூணாம் நாள் விரிப்பெல்லாம் வெள்ளைவெளேர்னு வந்தது. மாடியில காயப்போட்டா, ஈரக்கனம் தாங்காம கொடி கட்டின மூங்கில் கம்பு சாயுது.

"ஏங்க, இங்க எந்தப் பைப் நட்டா தாங்கும்?"

வாயைத் திறக்கவே பயமா இருந்தது. "ஜி.ஐ.... போடலாம்"னு முனகினேன். "கனம் தாங்கத்தான் அது. உள்ளே தண்ணி போகாதுல்ல."

"சத்தமா சொல்லுங்க. பிளம்பர்கிட்டதானே கேக்கறேன்"ன்னா.

என் கண்ணு கலங்கிடுச்சு.