செருகினால் திறக்கும்

அந்த அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொண்டவனுக்குச் சோம்பேறி என்று பட்டப்பெயர். யார் பென் டிரைவைச் செருகினாலும் அதை மவுண்ட் செய்ய, அதாவது கணினியோடு இணைத்துத் திறந்துகொடுக்க, அவன்தான் எழுந்துபோய்க் கட்டளை தட்ட வேண்டும். அலுத்துப்போய், செருகியதும் எல்லாம் தானே திறந்து, படம் இருந்தால் பெரிய திரையில் ஓடும்படி செய்துவிட்டான்.

அதை எல்லோருக்கும் காட்ட மேலாளர் கூட்டம் போட்டார். சோம்பேறி பெருமை பொங்கத் தன் பென் டிரைவையே செருகினான். அதில் மனைவி ஏற்றிவைத்த படங்கள் இருப்பது அவனுக்குத் தெரியாது. திரையில் அவன் கடலுக்குள் குரங்குபோல் குதித்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் காய்ச்சல்னு லீவு போட்டியே, இதானா அது?" என்று மேலாளர் பல்லைக் கடித்தார்.

அதற்குள் அடுத்த படம் வந்தது. அவன் தோளுக்குப் பின்னால், பூப்போட்ட கால்சட்டையில், ஐஸ்கிரீமும் கையுமாக மேலாளர் நின்றிருந்தார். மாமியார் தவறிவிட்டதாகச் சொல்லி அன்று அவரும் லீவு.

"கழட்டுய்யா அதை!"

"படம் ஓடிட்டிருக்கு சார், கழட்ட விடமாட்டேங்குது."

மேலாளர் பாய்ந்துபோய்ப் பிடுங்கினார். ஓடிக்கொண்டிருந்த படம் திரையிலேயே உறைந்து நின்றது. அதில் ஒரு பெரியம்மா அவர் கையைப் பிடித்தபடி அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க உங்க மாமியார்தானே சார்?" என்றார் கணக்காளர். "ஆள் நல்லா தெம்பாத்தான் இருக்காங்க."

கூட்டம் அத்தோடு கலைந்தது. காய்ச்சலைப் பற்றி மேலாளர் அப்புறம் மூச்சே விடவில்லை.