நூலகத்துக்குப் பின்னால் ஒரு வரிசை

தையல் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, வேலை கேட்டு அவள் ஏறாத படி இல்லை. புருஷன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். இருந்த அரிசியைக் கஞ்சியாக நீட்டி நீட்டி ஓட்டியதில், அன்று காலை பிள்ளைகள் இருவருக்கும் ஊற்றியதோடு பானை காலி. "எனக்குப் பசிக்கல" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதை நம்பியதுபோல் இருந்துவிட்டு, டிபன் கேரியரைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

இலவசமாக எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம், "தெரிஞ்சவங்க ஒருத்தருக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தாள். அவர் அவள் பையைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல், ரயில் நிலையத்தை ஒட்டிய மண்டபத்துக்கு வழி சொன்னார்.

மண்டபம் பூட்டிக் கிடந்தது. "அது நின்னு போய் ரொம்ப நாளாச்சும்மா. ஆஸ்பத்திரி எதிர்ல போய்ப் பாருங்க" என்றார் காவலாளி.

ஆஸ்பத்திரி எதிரே நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். உள்ளே யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். களைப்பில் அதுகூடத் தோன்றவில்லை. "பழைய நூலகத்துக்குப் பின்பக்கம் போங்க. அங்க எதுவும் கேக்க மாட்டாங்க. சீக்கிரம் போனாத்தான் உண்டு" என்றான் பரிமாறியவன்.

வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கொட்டகையின் முன்னால் நீண்ட வரிசை. கடைசியில் போய் நின்று தலைகுனிந்து கொண்டாள். பின்னால் ஆட்கள் சேர்ந்த பிறகுதான் முன்னால் நிற்பவளைக் கவனித்தாள். இடுப்பில் கைவைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அந்த நிலையை எங்கே பார்த்தாலும் தெரியும். அவளுடைய ஓரகத்தி. புருஷனின் அண்ணன் மனைவி.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. கீழே இவர்கள், மாடியில் அவர்கள். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கிய சண்டையில் வார்த்தை தடித்துப் போய், பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. சொந்த வேன் ஓடுகிறது, அவர்களுக்கென்ன குறை என்றுதான் இவள் நினைத்திருந்தாள். மாடியில் தாளிக்கும் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்பது இப்போதுதான் உறைத்தது.

நழுவிவிடலாமா என்று நினைப்பதற்குள் ஓரகத்தி திரும்பிவிட்டாள். அவள் பார்வை இவள் கைகளுக்குப் போனது.

"டோக்கன் வாங்கினியா?"

"இல்லக்கா."

"அந்த ஜன்னல்ல வாங்கணும். இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. போ, இடத்தை நான் பாத்துக்கறேன். எத்தனை பேருன்னா நாலுன்னு சொல்லு. வெக்கப்பட்டுக்கிட்டுக் குறைச்சுச் சொல்லாத."

டோக்கனோடு வந்தபோது பின்னால் நின்ற ஆள் முணுமுணுத்தான்: "நடுவுல புகுந்தா எப்படி?"

"அவ இங்கதான் நின்னா. என் தங்கச்சி" என்றாள் ஓரகத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வரிசை நகர்ந்தது. "வேன் என்னாச்சுக்கா?"

"வித்தாச்சு. வேலை தேடறேன்னு தினம் போறாரு. போய் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காரு. எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாது."

இவள் முறை வந்தபோது, பரிமாறுகிறவர் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "சோறு இவ்வளவுதாம்மா. ரொட்டி போட்டுத் தரேன்."

வெளியே வந்ததும் ஓரகத்தி தன் பாத்திரத்தைத் திறந்து பாதியை இவள் கேரியரில் கொட்டினாள்.

"வேணாம்க்கா."

"சும்மா இரு. எங்க ரெண்டு பேருக்கு இதே அதிகம்." அது அதிகமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இவள் மேற்கொண்டு மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை.

இருவரும் மெல்ல நடந்தார்கள். புதன்கிழமை பெரிய பள்ளிக்கூடத்தில் அரிசியும் பருப்பும் கொடுக்கிறார்கள் என்றாள் ஓரகத்தி. "உன் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே காலைச் சாப்பாடு உண்டு, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கேட்டியா?"

"கேக்கலக்கா."

"நான் வந்து கேக்கறேன். உனக்கு எங்க வாய் வரும்? என்கிட்ட சண்டைக்கு மட்டும் நல்லா வந்துச்சு."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் நீர் கோத்தது. துடைக்கக் கையை உயர்த்துவதே பாரமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள்.

தெரு திரும்பும் இடத்தில் ஓரகத்தி நின்றாள். "நீ முன்னாடி போ. நாலு பேரு பாப்பாங்க."

"பாத்தாப் பாக்கட்டும். வாங்கக்கா, கால் வலிக்குது."

வீட்டில் அவன் எழுந்து உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். "யாரு குடுத்தா?" என்று கேட்டான். "மாடில அக்கா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கென்று மீதியை மூடிவைத்தாள். காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்று, அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

தண்ணீர்த் தொட்டித் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் புதன்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். வழியில் அதிகம் பேசுவதில்லை.