இரட்டைக் காது முடிச்சு

கோட்டையிலிருந்து இரும்புத் தராசு வந்து இறங்கிய காலையில் குப்பத்துப் பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மூங்கில் கழிகளைப் படகுத்துறை மணலில் நட்டு, உச்சியைச் சேர்த்துக் கட்டி, அதில் தராசைத் தொங்கவிட்டார்கள். தரகர் சிங்காரம் பக்கத்தில் நின்று அதைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஒரு தலைமுறை கடந்திருந்த காலம் அது. கப்பல்களுக்கு வேண்டிய கருவாடு இந்தக் கரையிலிருந்துதான் போகும். அதை வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு சிங்காரத்துடையது.

தராசைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. இரும்பு பொய் சொல்லாது, மனிதன் கைதான் பொய் சொல்லும் என்றார் படகுக்காரர் நீலமேகம். உப்புக் காற்றில் நாலே மாதத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த துளசிங்கம். பொதுவாகப் பார்த்தால், கருவாடு விற்காதவர்களுக்குத்தான் கருத்து அதிகமாக இருந்தது. விற்கிற பெண்கள் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை கூடைக் கணக்குதான். ஒரு கூடை கருவாட்டுக்கு இவ்வளவு அரிசி என்று பேச்சு. இனிமேல் எடைக்குத்தான் அரிசி என்றார் சிங்காரம். முதலில் கோவிந்தம்மாவின் கூடையை வைத்தார்கள். அவள் மீனைக் கீறி, கழுவி, உப்பில் ஊறவைத்து, தரையில் போடாமல் பழைய வலையைக் கழிகளில் இழுத்துக் கட்டி அதன்மேல் காயவைப்பவள். நாலு நாள் வெயில் குடித்த அவளுடைய கருவாடு சருகாக இருக்கும். அடுத்து அதே அளவில் தேவகியின் கூடை ஏறியது. தேவகி மணலில் கொட்டி, ஒருநாள் புரட்டி, மறுநாள் அள்ளிவிடுகிறவள். அவளுடைய தட்டு தொபுக்கென்று கீழே இறங்கியது. அரிசியும் அவளுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

தராசின் மேல் தப்புச் சொல்ல முடியாது. அது சரியாகத்தான் நிறுத்தது. தேவகியின் கூடையில் இருந்த ஈரத்தையும் மணலையும் சேர்த்து நிறுத்தது, அவ்வளவுதான்.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கோவிந்தம்மா தன் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"ஒயுங்கா காய வச்சா நட்டம், மண்ணோட அள்ளியாந்தா லாபம். நல்லாக் கீதுய்யா உன் தராசு. கூடைக் கணக்கு திரும்பி வர்ற வரைக்கும் என் கருவாடு கோட்டைக்கு வராது."

அவள் சொன்னதை அன்று சாயங்காலமே எல்லாப் பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். குப்பத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு போட்டால் அதற்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு பிடி உப்பை ஒரே பானையில் போடுவார்கள். கலந்துபோன உப்பில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. யாராவது சொல் தவறினால் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கருவாடு காயவைக்கும் இடத்தில் வீசுவார்கள். பிறகு அவளுக்கு அந்தக் களத்தில் இடமில்லை. தேவகியும் ஒரு பிடி போட்டாள். மனதாரத்தான் போட்டாள். தராசு தனக்கு அதிகம் கொடுத்தது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனால் கூச்சம் சோறு போடாது. அவள் புருஷன் கோதண்டத்தின் காலில் திருக்கை மீன் கொட்டி, பாதம் வீங்கி, அவன் கடலுக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. மற்ற பெண்கள் திருப்பாலைவனத்துச் சந்தைக்குக் கருவாட்டைச் சுமந்துபோய் நெல்லுக்கு மாற்றிவந்தார்கள். தேவகியும் போனாள். சந்தைக்கு வரும் பெண்கள் கருவாட்டை முறித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கோவிந்தம்மாவின் கடைப்பக்கம் போய்விட்டார்கள். தேவகி கொண்டுபோனதில் பாதி திரும்பி வந்தது. ஐப்பசி மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் வீட்டில் இருக்கிற மூட்டையெல்லாம் புழு வைத்துவிடும்.

கோட்டைக்குப் போகும் கருவாட்டை ஓலைப்பாயில் சுருட்டிப் பனைநார்க் கயிற்றால் கட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு. கெட்டுப்போன மூட்டை எந்த வீட்டுக்குத் திரும்பிவர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. கோவிந்தம்மாவின் முடிச்சுக்கு இரட்டைக் காது, வால் உள்ளே செருகியிருக்கும். படகுத்துறையில் சிங்காரத்தின் ஆள் மற்ற மூட்டைகளை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்ப்பான். இரட்டைக் காதைக் கண்டால் அவிழ்க்காமலே அனுப்பிவிடுவான். ஒருத்தி முடிச்சை இன்னொருத்தி போடுவதில்லை. போடக்கூடாது என்று யாரும் சொல்லிவைத்ததும் இல்லை. அடுத்தவள் தாலியை எடுத்துக் கட்டிக்கொள்ளாதே என்று யாராவது சொல்லிவைப்பார்களா?

தேவகி அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கட்டுப்பாடு இருக்கும்போது தன் மூட்டையைத் துறைக்குக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு அவிழ்த்துப் பார்த்துக் கழித்துவிடவும் கூடும். கோவிந்தம்மாவின் முடிச்சு என்றால் இரண்டு பயமும் இல்லை. கோவிந்தம்மாவுக்கு இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது, அவள் வீட்டிலிருந்து ஒரு மீனையாவது எடுத்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தனக்குப் பிடித்த பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள்.

சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, பாதி வழியில் துறைக்குத் திரும்பினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூட்டையை இறக்கினாள். சிங்காரத்தின் ஆள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முடிச்சைத்தான் பார்த்தான். மூட்டையை அப்படியே தராசில் வைத்தான். மணலும் ஈரமும் நல்ல எடைக்குப் போயின. முதல் தடவை தேவகி நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுத்த தடவை பார்க்கவில்லை. மூன்றாம் தடவை வெயிலில் ஒருநாள் வைப்பதுகூட எதற்கு என்று தோன்றியது.

சிங்காரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குப்பத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்களைக் கட்டுப்பாடு போடச் சொன்ன கோவிந்தம்மாவின் மூட்டையே துறைக்கு வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் எதற்காக வயிற்றைக் காயப்போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அப்புறம் கேட்கவா வேண்டும். அவள் எப்போதும் தன்னைப் பெரியவளாக நினைத்துக்கொள்கிறவள் என்றாள் ஒருத்தி. நம்மை நிறுத்திவிட்டுத் தனியாக விற்கத்தான் இந்த நாடகம் என்றாள் இன்னொருத்தி. நல்ல கருவாடு போடுகிறவள்மேல் மற்றவர்களுக்கு உள்ளூர இருந்த எரிச்சலெல்லாம் ஒரே நாளில் நியாயமாகிவிட்டது. கோவிந்தம்மா தான் எதுவும் அனுப்பவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். யாரும் நம்பாததைப் பார்த்து மறுதடவை சொல்லவில்லை. பானையைக் கொண்டுவந்தார்கள். உப்பை வீசலாமா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டபோது, தேவகி மற்றவர்களைவிடச் சற்று முந்திக்கொண்டே தலையாட்டினாள். கோவிந்தம்மா தன் வலையை அவிழ்த்துச் சுருட்டியபோது மட்டும் அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

களம் போன பிறகு கோவிந்தம்மா பழவேற்காட்டு ஏரியில் இறங்கினாள். அங்கே இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். எல்லம்மா என்பவள் அவளுக்கு ஒரு பறிக்கூடை கொடுத்து, அதைக் கழுத்தில் எப்படித் தொங்கவிடுவது என்று காட்டினாள். நண்டு கடித்துக் கடித்துக் கோவிந்தம்மாவின் விரலெல்லாம் கிழிந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சிங்காரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை முகத்தில் சந்தோஷம் இல்லை. இரண்டு ஆட்கள் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து பெண்கள் நடுவில் கொட்டினார்கள். இரட்டைக் காது முடிச்சு போட்ட மூட்டை. உள்ளே இருந்து ஈர மணலும், வெண்பூஞ்சை பிடித்த மீனும், புழுவும் விழுந்தன. நாற்றத்தில் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். கருவாடு விற்கிறவர்களே மூக்கைப் பொத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பலில் ஏற்றிய பிறகு கண்டுபிடித்தார்களாம். கோட்டைக்காரர்கள் சிங்காரத்தைக் கூப்பிட்டு வைத்துக் கேட்ட கேள்வியை அவர் திருப்பிச் சொல்லவில்லை. இனிமேல் இந்தக் குப்பத்துக் கருவாடே வேண்டாம், வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னதை மட்டும் சொன்னார்.

கோவிந்தம்மாவை ஏரியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஈரச்சேலையோடு, கழுத்தில் பறியோடு வந்து நின்றாள். ஊர்க் கட்டுப்பாட்டை உடைத்தது போதாதென்று ஊர்ப் பேரையும் கெடுத்தவள் இனிக் குப்பத்திலேயே இருக்கக்கூடாது என்று பேச்சு எழுந்தது. நீலமேகமும் அதுதான் சரி என்றார். அவர்தான் இரும்பு பொய் சொல்லாது என்றவர். கோவிந்தம்மா குனிந்து மூட்டைக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு மீனை எடுத்து முறிக்கப் பார்த்தாள். அது முறியாமல் குழைந்தது.

"முடிச்சு என்னுதாட்டம் கீது. மீனு என்னுது இல்ல" என்றாள். "அவ்ளோதான் எனக்குத் தெரியும். போறதுன்னா போறேன். எங்க நைனா காலத்துலருந்து இருந்த வூடு. புள்ளைங்களுக்கு இன்னானு சொல்றதுன்னுதான் தெரியல."

தேவகி கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தம்மாவின் விரல்களில் வெட்டுக்காயங்கள் உப்புநீரில் வெளுத்துப்போயிருந்தன. வலை இழுத்துக் கட்டுகிற, மீனை ஒவ்வொன்றாகப் புரட்டுகிற விரல்கள். தேவகி அதுவரை முடிச்சைத்தான் பார்த்திருந்தாள். அந்த முடிச்சுக்குப் பின்னால் இருந்த விரல்களை அன்றுதான் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் இன்றோடு எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் எழுந்து வந்தாள். கொட்டிக்கிடந்த பாயை எடுத்துச் சுருட்டினாள். கயிற்றை எடுத்தாள். எல்லாரும் பார்க்க, ஒரு காது போட்டாள், மறுகாது போட்டாள், வாலை உள்ளே செருகினாள். பிறகு அதைக் கோவிந்தம்மாவின் காலடியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு தபாவும் நான்தான் கட்னேன்" என்றாள். "யக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

வாய் பேசியவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். கோதண்டத்தின் கால், வரப்போகும் மழை, திரும்பி வந்த மூட்டை என்று தேவகி ஏதேதோ சொல்லப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது.

பேச்சைத் திருப்பியவர் சிங்காரம்தான். யார் கட்டினால் என்ன, நட்டம் நட்டம்தானே என்றார். அவருக்குக் கோவிந்தம்மா பதில் சொன்னாள்.

"கூடைக் கணக்கா இருந்தா கட்றதுக்கு முன்னாலயே கூடையில கொட்டித்தான அளந்திருப்ப. மண்ணு அப்பவே தெரிஞ்சிருக்கும். மண்ண எடைக்கு வாங்குனது நீதான்யா. கோட்டையில போயி அதையும் சொல்லு."

சிங்காரம் அதைச் சொன்னாரோ, வேறு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நல்ல கருவாடு வேறு ஊரிலும் எளிதில் கிடைக்கவில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். மழைக்கு முன் கடைசிக் கப்பல் வந்தபோது கூடைக் கணக்கு திரும்பிவந்தது. தராசு கழிகளோடு கோட்டைக்குப் போனது. ஆனால் ஒன்று திரும்பி வரவில்லை. துறையில் இப்போது எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கிறார்கள், கோவிந்தம்மாவின் மூட்டை உட்பட. அவள் கட்டிக்கொண்டு போவதும், அவர்கள் அவிழ்ப்பதும், அவள் மறுபடி கட்டுவதுமாக இருக்கிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோவிந்தம்மா தன் களத்துக்குத் திரும்பிய அன்று பானையில் மறுபடி ஒரு பிடி உப்பைப் போட்டாள். தேவகியின் இடத்தில் உப்பு வீசுவதா என்று பெண்கள் அவளைக் கேட்டார்கள். வேண்டாம், என் பக்கத்தில் வலை கட்டிக் காயவைக்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள். அது மன்னிப்பா தண்டனையா என்று பெண்களுக்குப் பிடிபடவில்லை. தேவகிக்கு இரண்டுமாகத் தெரிந்தது. நாலு நாள் வெயிலுக்குப் பிறகு தன் முதல் மூட்டையைச் சுருட்டியபோது, இனித் தன் பழைய முடிச்சைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கோவிந்தம்மாவிடம் தயங்கிக் கேட்டாள்.

கோவிந்தம்மா மீன் புரட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"உன் முடிச்சையே போடு. மெதுவாத்தான் நம்புவானுங்க, நம்பட்டும். கயிறு திருடுனா திரும்பிக் குடுத்துடலாம் தேவகி. நீ எடுத்தது நான் இத்தினி வருசம் வெய்யில்ல நின்னு சேத்த பேரு. அத எடுத்து உனக்கும் ஒதவல, எனக்கும் இல்லாம போச்சு. அடுத்தவ ஒழப்ப நம்ம பேர்ல வித்தாலும் திருட்டுதான், நம்ம அழுக்க அடுத்தவ பேர்ல வித்தாலும் திருட்டுதான். அப்புறம், எல்லாரும் சேந்து நிக்கும்போது ஒருத்தி மட்டும் குறுக்கால பூந்து பொழைச்சிக்கலாம்னு நெனைக்காத. அப்படி ஒருத்தி பூந்துட்டா, மீதி பேரு ஒருத்திய ஒருத்தி சந்தேகப்பட்டே செத்துருவோம். அன்னிக்கு என்மேல உப்பு வீசுனது தராசுக்காரன் இல்ல, நாமதான்."