கட்டைக் கயிற்றுக் கிணறு

1985ஆம் ஆண்டை உலக இளைஞர் ஆண்டு என்று அறிவித்தவர்களுக்குப் யாழ்ப்பாணக் கடலில் புங்குடுதீவு என்ற தீவில் எங்கள் குறிச்சி என்றொரு சிற்றூர் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். செய்தி எங்களுக்கு ஆனி மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆண்டில் பாதி வீணாகிவிட்டதே என்று புத்தொளி இளைஞர் கழகம் பதறிப்போய் அவசரக் கூட்டம் கூட்டியது. தலைவர் செல்வரத்தினம். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர். எப்படியும் இஞ்சினியர்தான் என்ற நினைப்பில் சேட்டுப் பையில் இரண்டு பேனையுடன் திரிவார். செயலாளர் மீனலோசனி, அதாவது நான். வயது இருபது. எழுத்து அழகாக இருக்கும் என்பதற்காக என்னைத் தெரிவுசெய்தார்கள். புத்தியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மரம் நடலாம் என்றோம். ஆடுகள் அதை வரவேற்றிருக்கும். கடற்கரையைத் துப்புரவாக்கலாம் என்றோம். அடுத்த காற்றுக்கு அதே குப்பை திரும்பி வந்துவிடும். கடைசியில் எல்லோர் கண்ணும் நல்ல தண்ணீர்க் கிணற்றில் போய் நின்றது.

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆனால் வாயில் வைக்க முடியாது. ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க இருந்தது அந்த ஒரு கிணறுதான். அதில் ஒரு வழக்கம் இருந்தது. வாளிக் கயிற்றின் மறுநுனியைக் கப்பித் தூணில் இறுகக் கட்டியிருப்பார்கள். கயிறு கட்டை, நீளம் போதாது. மாரி மழையில் தொந்தரவில்லை. ஆடி ஆவணியில் தண்ணீர் இறங்கியதும் வாளி எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். "கிணறு படுத்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போய், தண்ணீர் ஊறி ஏறிய பிறகு பின்னேரம் திரும்பி வருவார்கள். கீழே தெளிந்த தண்ணீர் கிடக்கிறது, மேலே குடத்தோடு தவம் கிடக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கயிற்றுக்குப் பொறுப்பு கிணற்றடி வீட்டு ஞானசவுந்தரி அக்கா. நானும் செல்வரத்தினமும் அவரிடம் போனோம்.

"கயிறை நீட்டிக் கட்டினால் என்னக்கா?"

"நீட்டக் கூடாது."

"அதுதான் ஏனெண்டு கேக்கிறம்."

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் துவக்கம் உந்த அளவுதான். நீட்டக் கூடாதெண்டால் நீட்டக் கூடாது."

தெரியாது என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு, எல்லாம் தெரிந்த நாங்கள் சும்மா இருக்க முடியுமா? செல்வரத்தினம் கொப்பியில் கிணற்றைக் கீறிக் காட்டினார். இன்னும் ஆறடி வெட்டினால் மூன்று மடங்கு தண்ணீர். பக்கத்தில் கணக்கும் போட்டிருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான்கு சனி ஞாயிறு கூலியில்லாச் சிரமதானம் நடந்தது. வேலணையிலிருந்து இறைக்கிற மிசின் ஒன்று இரவல் வந்தது. பெடியன்கள் உள்ளே இறங்கி இரும்பு அலவாங்கால் கல்லை உடைத்தார்கள், நாங்கள் பனையோலைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினோம். பெடியன்கள் ஒவ்வொருவராக இயக்கத்துக்கென்று வள்ளம் ஏறிக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. தன் மகன் கிணற்றுக்குள்ளே இருக்கிறான் என்று கண்ணால் கண்டுவிட்டுப் போகத் தாய்மார் வந்தார்கள். வரும்போது வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு வடை நான் என் வாழ்நாளில் தின்றதில்லை.

நான்காம் ஞாயிறு அடியிலிருந்த கல் பிளந்து ஊற்றுப் பீறிட்டது. கீழே நின்றவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். பழைய கயிற்றைக் குசினிக் கத்தியால் அறுத்து, இரு மடங்கு நீளத்தில் புதுக் கயிறு கட்டியது நான்தான். ஞானசவுந்தரி அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கிணற்றைச் சுற்றிப் புதிதாகப் பூசிய ஈரச் சீமெந்துக் கட்டின் மேல் ஆணியால் கழகத்தின் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர் எழுதினேன். என் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. தற்செயல் என்றுதான் அப்போது சொன்னேன்.

அன்றைக்கே பத்திரிகைக்கும் எழுதி அனுப்பினேன். "வற்றாத அமுதம் ஊறுகிறது! தீவக இளைஞர் சாதனை." அச்சில் வர மூன்று கிழமை எடுத்தது. தண்ணீர் கரிக்க இரண்டு கிழமை போதுமாக இருந்தது.

முதலில் அம்மாதான் கண்டுபிடித்தார். "தேத்தண்ணிக்கை என்னடி போட்டனி?" என்று துப்பினார். அதற்கடுத்த நாள் பருப்பு வேகவில்லை. அதற்கடுத்த நாள் ஊரே கிணற்றடியில் நின்றது. செல்வரத்தினம் பட்டணத்தில் தனக்குப் படிப்பித்த வாத்தியாருக்கு எழுதிக் கேட்டார். மூன்று வரியில் பதில் வந்தது. தீவுகளில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அள்ளுவது அளவோடு இருக்க வேண்டும். அடியில் கல் இருந்தால் உடைக்க வேண்டாம். கடைசி "வேண்டாம்" என்பதற்குக் கீழே கோடு கீறியிருந்தது. அடுத்த நாளே தலைவர் வவுனியாவில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு மைல் நடந்து அயல் குறிச்சிக் கிணற்றுக்குப் போனோம். அங்கேயும் கயிறு கட்டைதான். அவர்கள் அள்ளி முடித்த பிறகு வரிசையில் கடைசியாக நின்று வீட்டுக்கு இரண்டு குடம் அள்ளலாம் என்று விட்டார்கள். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு எங்கள் பெண்கள் கூசாமல் சொன்னார்கள்: "கிணத்துக்கு மருந்து போட்டிருக்கு. ரெண்டு கிழமை குடிக்கக் கூடாதாம்." வீட்டில் என்னைக் கரித்துக் கொட்டுகிறவர்கள் வெளியில் குறிச்சியின் மானத்தை ஒரு சொட்டும் சிந்தவில்லை. பொய் சொன்னது கழகத்துப் பிள்ளைகளான எங்களுக்காகவும்தான் என்பதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

இந்த லட்சணத்தில்தான் அயல் குறிச்சிக் கழகத் தலைவர் சிவபாதம் என் பத்திரிகைத் துண்டோடு வீட்டுக்கு வந்தார்.

"நாங்களும் எங்கட கிணத்தை ஆழமாக்கப் போறம். வாற ஞாயிறு தொடக்க விழா. நீர்தான் பிரதம விருந்தினர்."

"வேண்டாம். எங்கட கிணறு உப்பாப் போச்சு."

சிவபாதம் சிரித்தார். "மருந்து போட்டிருக்கெண்டுதானே சொல்லுகினம்?"

"அது பொய்."

"அப்ப பேப்பரிலை வந்தது?"

"அது நான் எழுதினது. அதுக்குப் பிறகுதான் கரிச்சது."

"விளங்குது. உங்களுக்கு மட்டும் பேர் வரவேணும், எங்களுக்கு வரக் கூடாது. அப்பிடித்தானே?"

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. "வற்றாத அமுதம்" என்று அவ்வளவு அழகாக எழுதியவளின் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அவர் போன பிறகு அம்மா பிடித்துக்கொண்டார். "ஊர் மானத்தை வாங்கப் போறியோ? அதுகள் வெட்டினால் வெட்டட்டும்."

"வெட்டினால் நாங்கள் எங்கை அள்ளுறது?" என்றேன். அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த கிணறு அது ஒன்றுதான். அதுவும் போனால் இரண்டு குறிச்சியும் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு என் எழுத்தழகைப் பாராட்ட வேண்டியதுதான்.

ஞாயிறு காலை சேலை உடுத்து, இடுப்பில் ஒரு குடத்தோடு போனேன். பிரதம விருந்தினர் குடத்தோடு வந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நிறைகுடம் வைத்திருந்தார்கள். அலவாங்குகளுக்குச் சந்தனம் பூசியிருந்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். பேச எழும்பினேன். ஒரு பேணி கேட்டு வாங்கி, குடத்துத் தண்ணீரை வார்த்துச் சிவபாதத்திடம் நீட்டினேன்.

அவர் கைதட்டலுக்கு நடுவே பெரிதாக ஒரு வாய் குடித்தார். துப்ப முடியவில்லை; எதிரே முழுக் குறிச்சியும் இருந்தது. விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன இது?"

"வற்றாத அமுதம்" என்றேன். "பேப்பரிலை வந்த கிணறு. கயிறை என்ரை கையாலைதான் அறுத்தனான். ஐம்பத்திரண்டு வீட்டு வாயிலை மண்ணைப் போட்டிட்டன். நீங்களும் போடாதேங்கோ."

அழக் கூடாது என்றுதான் போனேன். அழுதேன். பேணி வரிசையாகக் கைமாறியது. ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. சந்தனத்தோடு அலவாங்குகள் வீடுகளுக்குத் திரும்பின.

எங்கள் குறிச்சியில் என்னோடு யாரும் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சீமெந்துக் கட்டின் மேலிருந்த என் பெயரை மட்டும் யாரோ அலவாங்கால் கொத்தியிருந்தார்கள். தலைவர் பெயர் பத்திரமாக இருந்தது. ஞானசவுந்தரி அக்கா மட்டும் ஒருநாள் குடத்தோடு கூட நடந்து வந்தார்.

"ஏன் நீட்டக் கூடாதெண்டு கேட்டனீர் எல்லே?" என்றார். "எனக்கும் இப்பதான் தெரிஞ்சது."

சிவபாதத்தின் கழகமும் இளைஞர் ஆண்டுக்கு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்? தங்கள் கிணற்றடியில் நீலப் பெயின்றால் பெரிய பலகை ஒன்று எழுதி நட்டார்கள்: "இக்கிணற்றை ஆழமாக்க விரும்புவோர் முதலில் செல்வி மீனலோசனியிடம் ஒரு பேணி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரவும்."

என் பெயர்தான் அதில் எல்லாவற்றிலும் பெரிய எழுத்து. தினமும் காலையில் இரண்டு குடத்தோடு அதன் கீழே நின்றேன். வரிசையில் கடைசி ஆள் என்பதால் ஆறுதலாக வாசிக்க நிறைய நேரம் இருந்தது.